223 ரெமிங்டனில் மான் வேட்டை: எந்தக் குண்டு?

வணக்கம் நண்பரே. 223 ரெமிங்டன் என்ற சிறு ரைபிள் தோட்டாவில் 55 கிரெயின் (சுமார் 3.6 கிராம்) வார்மின்ட் குண்டு போட்டு 200 மீட்டரில் மானைச் சுடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தக் குண்டு வேண்டாம். சிறு விலங்குகளுக்காகச் செய்தது அது. தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடும், நுரையீரல் வரை போகாது. மான் காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து வதைபட்டுச் சாகும்.

60 கிரெயின் நாஸ்லர் பார்ட்டிஷன் போல, சிதறாமல் விரியும் குண்டு வாங்குங்கள். முழுச் செம்புக் குண்டும் நல்லதுதான், ஆனால் அதே எடைக்கு நீளம் கூடுதல். குழலின் முறுக்கு (குண்டைச் சுழற்றும் உள்வரிகள்) 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், அந்தச் சுழற்சி நீளக் குண்டுக்குப் போதாமல் பறக்கும்போது தள்ளாடலாம். தூரம் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். மான் பக்கவாட்டில் நின்றால் மட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் சுடுங்கள்.

சட்டத்தையும் பாருங்கள்: அமெரிக்காவின் கொலராடோவில் மானுக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த குழல் விட்டமுள்ள ரைபிளே கூடாது; 223 அதைவிடச் சிறியது. 6 மில்லிமீட்டர் வகையான 243 வின்செஸ்டர் கிடைத்தால் அதையே எடுங்கள்.