ஒரே சர்வரில் இரண்டு டொமைன்கள்: ஒவ்வொன்றையும் அதனதன் டாம்கேட்டுடன் இணைப்பது எப்படி?

ஒரு லினக்ஸ் சர்வரில் முன்னால் அப்பாச்சி என்ற வலைச் சர்வரும், பின்னால் ஜாவா செயலிகளை ஓட்டும் இரண்டு டாம்கேட்டுகளும் ஓடுகின்றன, ஆனால் எந்த டொமைனைத் திறந்தாலும் முதல் தளமே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் ஏறத்தாழ இதே அமைப்பை நான் பராமரித்து வருகிறேன்: ஒரு டாம்கேட்டில் தங்கும் விடுதி ஒன்றின் முன்பதிவு, மற்றொன்றில் கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு நிறுவனத்தின் சரக்கு இருப்புக் கணக்கு.

இரண்டையும் ஒரே டாம்கேட்டுக்குள் வைக்கவும் வழி உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை மாலையில் சென்னையிலிருந்து வார இறுதிக்கு அறை தேடுவோர் குவிந்து விடுதிச் செயலி மெமரி முழுவதையும் விழுங்கினாலும், கடலூர் கிடங்கில் சரக்கு வரவு வைத்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே கூடாது. டாம்கேட்டின் நிரல் கோப்புகளைப் பொதுவாக வைத்துக்கொண்டு, அமைப்புகளும் செயலிகளும் இருக்கும் கேட்டலினா பேஸ் என்னும் அடைவை மட்டும் இரண்டாகப் பிரித்தால் போதும். 8080 என்ற போர்ட்டை 8081, 8082 என்று மாற்றுகிறவர்கள் டாம்கேட்டை நிறுத்தும் கட்டளைக்கான 8005 என்ற ஷட்டவுன் போர்ட்டை மறந்துவிடுவது வழக்கம். அது இரண்டிலும் ஒன்றாக இருந்தால் இரண்டாவது டாம்கேட் எழுந்த வேகத்திலேயே நின்றுவிடும்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் என்ற தலைப்பில் உள்ள பெயரை, அந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் உரிய விர்ச்சுவல் ஹோஸ்டுகளின் (ஒவ்வொரு தளத்துக்கும் எழுதும் தனி அமைப்புப் பகுதிகளின்) சர்வர்நேம், சர்வர்அலையஸ் ஆகியவற்றோடு அப்பாச்சி ஒப்பிடுகிறது. எதுவும் பொருந்தாவிட்டால் அது பிழை காட்டாது. கான்ஃபிக் கோப்புகளில் முதலில் படித்த விர்ச்சுவல் ஹோஸ்டிடம் சத்தமில்லாமல் கொடுத்துவிடும். உபுண்டுவில் அந்தக் கோப்புகள் அகர வரிசையில் படிக்கப்படுவதால், கோப்பின் பெயரே எது முதல் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது டொமைனுக்கு எச்டிடிபிக்கான 80இல் மட்டும் விர்ச்சுவல் ஹோஸ்ட் எழுதிவிட்டு, எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443இல் எழுதாமல் விட்டிருந்தாலும் இதே கதைதான்: சான்றிதழ் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வரும், அதைத் தாண்டிச் சென்றால் முதல் தளம் நிற்கும். அப்பாச்சிசிடிஎல் கட்டளையைப் பெரிய எஸ் சுவிட்சுடன் ஓட்டினால், எந்தப் போர்ட்டில் எந்தப் பெயர், எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது, எது இயல்பானது என்பதெல்லாம் தெரியும். உங்கள் விடை பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

அது சரியான பிறகு, ஒவ்வொரு விர்ச்சுவல் ஹோஸ்டுக்குள்ளும் கோரிக்கையை டாம்கேட்டுக்கு அனுப்பும் பிராக்ஸிபாஸ், அதன் பதிலைத் திருத்தும் பிராக்ஸிபாஸ்ரிவர்ஸ் என இரண்டு வரிகளை எழுதி, முதல் டொமைனை 127.0.0.1:8081க்கும் (127.0.0.1 என்பது அந்தச் சர்வரையே குறிக்கும்; லோக்கல்ஹோஸ்ட் என்பதும் அதுவே) இரண்டாவதை 8082க்கும் திருப்புங்கள். இடப்பக்கப் பாதை சாய்கோட்டில் முடிந்தால் வலப்பக்க முகவரியும் சாய்கோட்டில் முடிய வேண்டும். பழைய கட்டுரைகளைப் பார்த்து ஏஜேபி என்ற நெறிமுறையில் டாம்கேட்டோடு பேசும் மாட்ஜேகே என்ற அப்பாச்சி மாட்யூலின் வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விர்ச்சுவல் ஹோஸ்டுக்கு வெளியே எழுதிய, எந்தப் பாதை எந்த டாம்கேட்டுக்கு என்று சொல்லும் ஜேகேமவுன்ட் வரிகள் தாமாக உள்ளே வராது. 2020இல் கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்புக் குறை வெளியான பின், டாம்கேட் 9.0.31 முதல் ஏஜேபி கனெக்டர் இயல்பாக அணைக்கப்பட்டே வருகிறது. புதிதாக அமைப்பவருக்குச் சாதாரண எச்டிடிபி பிராக்ஸியே போதும் என்பது என் கருத்து.

பிரவுசர் அனுப்பிய ஹோஸ்ட் பெயரை அப்படியே கடத்தும் பிராக்ஸிப்ரிசர்வ்ஹோஸ்ட் என்பதையும் ஆன் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் டாம்கேட்டுக்குப் போய்ச் சேரும் பெயர் உங்கள் டொமைனாக இராது, 127.0.0.1:8081 என்பதாகவே இருக்கும். பதிலின் தலைப்புகளில் உள்ள முகவரியைப் பிராக்ஸிபாஸ்ரிவர்ஸ் திருத்தும். பக்கத்துக்குள் உள்ள இணைப்பையோ, செயலி அனுப்பும் மின்னஞ்சலையோ அது தொடாது. அறை உறுதியானது என்று விருந்தினருக்குப் போன மின்னஞ்சலில் 'லோக்கல்ஹோஸ்ட்:8081' என்று தொடங்கும் இணைப்பு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொடுக்கினால் விருந்தினரின் கைப்பேசி தன்னைத்தானே தேடிக்கொண்டிருக்கும்! முன்னால் எச்டிடிபிஎஸ் இருந்தால், டாம்கேட் கனெக்டரில் ஸ்கீம், பிராக்ஸிபோர்ட் ஆகிய இரண்டையும் அதற்கேற்பக் குறிப்பிடுங்கள். இல்லையேல் செயலி உருவாக்கும் முழு முகவரிகள் எச்டிடிபி என்றே தொடங்கும்.

இத்தனைக்குப் பிறகும் 503 (சேவை கிடைக்கவில்லை) என்ற பிழை வந்தால், முதலில் சர்வருக்குள்ளிருந்தே கர்ல் கட்டளையால் 8081ஐயும் 8082ஐயும் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். டாம்கேட் பதில் சொல்லியும் அப்பாச்சி லாக்கில் அனுமதி மறுக்கப்பட்டதாக இருந்தால், ரெட்ஹேட் வகை லினக்ஸில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு தடுக்கிறது என்று கொள்ளலாம்; வலைச் சர்வர் வலையமைப்பில் இணைய அனுமதிக்கும் பூலியனை (ஆன்/ஆஃப் அமைப்பை) இயக்கினால் போதும், எஸ்இலினக்ஸையே அணைக்க வேண்டியதில்லை. டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தவுடன் சிறிது நேரம் மட்டும் 503 வருவது வேறு காரணத்தால்: பின்தளம், அதாவது டாம்கேட், ஒருமுறை இணைய மறுத்தால், அப்பாச்சி அதை 60 விநாடிகள் வரை மீண்டும் அழைக்காது. பிராக்ஸிபாஸ் வரியில் ரீட்ரை மதிப்பை 5 போன்ற சிறிய எண்ணாக வைத்தால் இந்தக் காத்திருப்பு குறையும்.