ஒன்றரை அங்குலம் உள்ளே விட்ட தையல்

அன்புள்ள சகோதரிக்கு,

சனிக்கிழமை சின்ன மகளுடன் வந்திருந்தபோது நீங்கள் கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது: “பிளஸ் டூ வரைக்கும் படிக்க வெச்சது மெஷின் மிதிக்கவா சார்?” அன்று வெளியே கூட்டம் காத்திருந்ததால் அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

மகள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய உங்கள் கல்யாண ரவிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். தைத்தவர் பக்கத்துத் தெருப் பெரியம்மா என்றீர்கள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டு விலாவிலும் ஒன்றரை அங்குலம் துணி விட்டிருக்கிறார். கல்யாணத்துக்குப் போட்ட தையலைப் பெரியவளின் காதுகுத்துக்குப் பிரித்துத் தள்ளிப் போட்டதில், பழைய கோடு பட்டில் ஊசித்துளையாக நிற்கிறது. இந்தத் தை மாதம் பெரியவளின் வளைகாப்புக்காக அதையும் பிரித்து மூன்றாவது கோடு போட்டவள் உங்கள் சின்ன மகள். பழைய பட்டில் ஒரு இழைகூட இழுபடவில்லை. இத்தனை வருடமாக மாணவர்களைப் பார்க்கும் எனக்கு, மதிப்பெண் பட்டியலைவிட அந்தக் கோடு அதிகம் சொன்னது.

சரி, அவளுக்கான ஆடை வடிவமைப்புப் படிப்புக்கு வருவோம். காமர்ஸ் எடுத்ததால் வழி அடைபட்டுவிடவில்லை. ஆடை வடிவமைப்பு கற்றுத்தரும் மத்திய அரசின் நிஃப்ட் நிறுவனத்தில், பி.டெஸ். என்ற நான்காண்டு டிசைன் பட்டப்படிப்புக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். சென்னையில் தரமணியில் வளாகம் இருக்கிறது. ஆனால் நுழைவுத்தேர்வு ஆண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், கட்டணமும் அதிகம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். 24 வயதுக்குள் எழுதலாம் என்பதால் அடுத்த ஆண்டு முயற்சி செய்வதில் தவறில்லை. எழுத்துத் தேர்வுக்கு அப்புறம், கொடுக்கிற பொருள்களை வைத்துக் கையால் ஒரு வடிவம் செய்துகாட்டச் சொல்வார்கள். அங்கே இவள் தடுமாற மாட்டாள்.

இந்த ஆண்டே சேர வேண்டுமென்றால், கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. என் விருப்பம் இதுதான். ஐ.டி.ஐ.யில் ஓராண்டுத் தையல் தொழில்நுட்பமும் இருக்கிறது. அதில் படிப்பவற்றில் பாதி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பளபளப்பான விளம்பரம் போட்டு லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களில் மட்டும், எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பெரியம்மாவிடம் இல்லாத எதைக் கல்லூரி தரப்போகிறது என்று கேட்டீர்கள். அவர் ஒரு உடம்புக்கு அளவெடுத்து, துணி மேலேயே சாக்பீஸால் வரைந்து வெட்டுகிறார். பனியன் கம்பெனியில் ஒரே பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரி வடிவத்தை, எஸ், எம், எல் என்று பல அளவுக்கு விரிக்க வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். ஒன்றரை அங்குலமெல்லாம் உள்ளே விட முடியாது. ஒரு பீஸுக்கு ஓர் அங்குலத் துணி கூடுதலாகப் போனால், 10,000 பீஸுக்கு 254 மீட்டர் போய்விடும். இந்தக் கணக்குக்கு அவளுடைய காமர்ஸ் உதவும். பேட்டர்ன் மாஸ்டர், சாம்பிள் பிரிவு, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் என்று போகிற வேலைகளில், துணியைத் தொட்டே குறையைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தனி மரியாதை உண்டு.

பரீட்சை முடிந்தும் ஏன் அங்கே போகிறாய் என்று சாயங்காலத்தில் அவளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பாமல் இருக்கிறீர்களாம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அவருக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் தெரிவதில்லை, இவள்தான் கோத்துக் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடமாகப் பிரிக்க, ஹெம்மிங் செய்ய, கொக்கி கட்ட மட்டும்தான் விட்டாராம். பட்டில் கத்திரி வைக்க இன்னும் விடவில்லை. “ஆடி கழியட்டும், கழுத்து வெட்டச் சொல்லித் தர்றேன்” என்று சொல்லியிருக்கிறாராம்.