பதினாறு நாளில் ஆஸ்திரேலியா: எந்த ஊர், எத்தனை இரவு?

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். நான், கணவர், 9 வயது மகள், 5 வயது மகன், 67 வயது மாமியார் என ஐந்து பேர். மே மாதம் 16 நாள் ஆஸ்திரேலியா போகலாம் என்று இருக்கிறோம். சிட்னி, மெல்போர்ன், கோல்டு கோஸ்ட், கெய்ன்ஸ், உலுரு, பெர்த் என்று எழுதி வைத்திருக்கிறேன். வாடகைக் கார் எடுத்தால் ஊர் ஊராகப் போய்விடலாம் என்கிறார் கணவர். மாமியார் சுத்த சைவம். எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் உங்கள் பட்டியலில் பாதியை அடிக்க வேண்டும். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அடித்த பிறகுதான் இது விடுமுறையாக மாறும்.

ஆஸ்திரேலியாவின் பரப்பு இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வரைபடத்தில் ஒரே கடற்கரையில் பக்கம் பக்கமாகத் தெரியும் சிட்னிக்கும் கெய்ன்ஸுக்கும் நடுவே சாலை வழியில் 2,400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையிலிருந்து டில்லியைவிடத் தூரம். சிட்னியிலிருந்து பெர்த்துக்குக் கிட்டத்தட்ட 3,900 கிலோமீட்டர். விமானத்தில் போனாலே, சென்னையிலிருந்து சிங்கப்பூர் போவதைவிட அதிக நேரம் ஆகும். அருகருகே இருப்பதாகத் தோன்றும் சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் நடுவேயே 880 கிலோமீட்டர், நிற்காமல் ஓட்டினால் ஒன்பது மணி நேரம். ஐந்து வயதுப் பையனோடு நிற்காமல் ஓட்ட முடியுமா, நீங்களே சொல்லுங்கள். ஊருக்கு ஊர் விமானத்திலேயே போங்கள். கார் ஓரிரு இடத்துக்கு மட்டும் போதும்.

பல ஆண்டுகளாகக் குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தருகிறேன். நான் எண்ணுவது ஊர்களை அல்ல, ஊர் மாறும் நாட்களை. அறையைக் காலி செய்து, விமான நிலையம் போய், பறந்து, பெட்டி எடுத்து, புது அறைக்குள் நுழைவதற்குள் ஒரு பகல் போய்விடும். ஆறு ஊர் என்றால் ஐந்து பகல் அதற்கே சரி. அதனால் உங்களுக்கு மூன்று ஊர் சொல்கிறேன்: மெல்போர்னில் ஐந்து இரவு, சிட்னியில் ஐந்து, கெய்ன்ஸில் நான்கு. போகும் வழியில் விமானத்தில் ஓர் இரவையும் சேர்த்தால் 16 நாள் ஆகிவிடும்.

பெர்த்தை யோசிக்காமல் விடுங்கள். அது தனியாக ஒரு பயணத்துக்குரிய ஊர். நாட்டின் நடுவே நிற்கும் பெரும் பாறையான உலுருவை விடச் சொல்வதுதான் எனக்கும் கஷ்டம். ஆனால் போக வர இரண்டு விமானம், குறைந்தது இரண்டு இரவு, தங்குவதற்கு யுலாரா என்ற ஒரே குடியிருப்பு, விலையும் அதற்கேற்ப. பாறை மேல் ஏறுவதை 2019 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். சுற்றி நடப்பது பத்துக் கிலோமீட்டருக்கு மேல். குழந்தைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு போனால் நடக்கவும் முடியும், அந்த மண்ணின் பூர்வகுடி அனங்கு மக்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும் முடியும். கோல்டு கோஸ்ட் என்றால் முக்கியமாகக் கேளிக்கைப் பூங்காக்கள். உங்கள் மகனுக்குப் பல ராட்டினங்களில் உயரம் போதாது. கெய்ன்ஸில் பார்க்கக் கிடைக்கும் பவளப்பாறையை விட்டு அதைப் பார்க்க வேண்டாம்.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தது உங்கள் அதிர்ஷ்டம். அங்கே அது இலையுதிர் காலம், உள்ளூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை. அதனால் அறைகளும் உள்நாட்டு விமானங்களும் ஜூலை, டிசம்பர் அளவுக்கு ஏறியிருக்காது. வடக்கே மழைக்காலம் முடிந்திருக்கும். தெற்கே மெல்போர்ன் குளிரத் தொடங்கியிருக்கும். ஆகவே தெற்கிலிருந்து வடக்கே போங்கள்: குளிரில் தொடங்கி வெயிலில் முடிப்பது குழந்தைகளுக்கும் பெரியவருக்கும் இதம். சிங்கப்பூர் வழியாக மெல்போர்னில் இறங்கி, கெய்ன்ஸிலிருந்தே சிங்கப்பூர் திரும்புவது போல ஒரே டிக்கெட்டாகப் பாருங்கள். போய்வரும் டிக்கெட்டை ஒரே ஊருக்கு எடுத்துவிட்டு, கடைசி நாளில் நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மெல்போர்னில் முதல் முழு நாளை எதுவும் பதிவு செய்யாமல் விடுங்கள். நகர மையத்தில் டிராம் இலவசம். ஏறி இறங்கிச் சுற்றினாலே குழந்தைகளுக்குப் பொழுது போகும். அடுத்த நாள் பிலிப் தீவு. கடலிலிருந்து சின்னஞ்சிறு பெங்குவின்கள் கூட்டமாகக் கரையேறி வளைக்குத் திரும்பும் காட்சி, இருட்டத் தொடங்கும்போதுதான் நடக்கும். கோடை என்றால் இரவு ஒன்பதுக்குக் காத்திருக்க வேண்டும். மே மாதத்தில் ஐந்தேகால் வாக்கில் சூரியன் இறங்கிவிடும். பார்த்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் மெல்போர்ன் திரும்பலாம், பையன் தூங்குவதற்குள் பார்த்தும் விடுவான். கடல் காற்று எலும்பைத் துளைக்கும், மாமியாருக்குக் கம்பளி எடுத்துப் போங்கள். பெங்குவின்களின் கண்ணுக்குத் தொந்தரவு என்பதால் படம் எடுக்க அங்கே அனுமதி இல்லை என்று குழந்தைகளிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

கார் தேவைப்படுவது கிரேட் ஓஷன் ரோட்டுக்கு. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை வெட்டிய 243 கிலோமீட்டர் கடலோரச் சாலை. பேருந்துச் சுற்றுலாவில் ஒரே நாளில் போய்வரலாம்தான், ஆனால் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். மே மாதப் பகலும் குட்டை. மெல்போர்னின் ஐந்து இரவில் ஒன்றை அப்போலோ பேயில் வையுங்கள். மறுநாள் காலை 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' பாறைகளைப் பார்த்துவிட்டு, கோலாக் வழியாக, கடலோரத்தை விட்டு உள்ளே போகும் சாலையில் மூன்று மணி நேரத்தில் திரும்பலாம். பெயர்தான் பன்னிரண்டு, அத்தனை பாறை கிடையாது. அலை அரித்து அரித்து 2005இல்கூட ஒன்று சரிந்து விழுந்தது.

அங்கும் நம் ஊர் போல இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். காரோடு சேர்த்தே அதையும் கேளுங்கள். அந்த இருக்கையைப் பொருத்திவிட்டால் பின்னால் மூன்று பேர் உட்கார்வது நெருக்கடி, பெட்டிகள் வேறு. ஏழு பேர் வண்டியாக எடுங்கள். பொழுது சாயும் நேரத்தில் ஊருக்கு வெளியே ஓட்டாதீர்கள், கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அதுதான்.

சிட்னியில் கார் வேண்டாம். சர்க்குலர் கீ படகுத்துறையில் படகு ஏறினால் அரை மணியில் மேன்லி கடற்கரை. ஓபரா ஹவுஸை அந்தப் படகிலிருந்து பார்ப்பதுதான் அழகு. டரோங்கா மிருகக்காட்சி சாலைக்கும் அங்கிருந்தே படகு உண்டு. புளூ மவுண்டன்ஸுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம், கட்டூம்பாவில் இறங்குங்கள். பெரியவர்கள் வங்கி அட்டையைத் தட்டியே பயணிக்கலாம், ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். குழந்தைகளுக்கு வங்கி அட்டையைத் தட்டினால் பெரியவர் கட்டணம் போய்விடும், இருவருக்கும் குழந்தைகளுக்கான ஓப்பல் பயண அட்டை வாங்குங்கள்.

மாமியாரின் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று ஊரிலும் சமையலறை உள்ள அபார்ட்மெண்டாக எடுங்கள். சிட்னியில் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் நம் மளிகையும் இட்லி தோசையும் கிடைக்கும். மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது, அவருக்காக அரை நாள் ஒதுக்குங்கள். கெய்ன்ஸில் இந்த வசதி குறைவு, சிட்னியிலேயே பருப்பும் பொடியும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஊறுகாய், பொடி, தின்பண்டம் எது கொண்டுபோனாலும் விமானத்தில் தரும் அட்டையில் 'உணவு இருக்கிறது' என்று குறித்துவிடுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டினால் அபராதம் கடுமையாக இருக்கும். கறிவேப்பிலை, பழம், பால் இனிப்பு வேண்டவே வேண்டாம். மருந்துகளை மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். விசாவுக்கு ஐந்து பேரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், குழந்தைகளும் சேர்த்துத்தான்.

கெய்ன்ஸில் பவளப்பாறையைப் பார்க்க கரையிலிருந்து தள்ளி ஆழ்கடல் பக்கம் இருக்கும் வெளிப்பாறை வரை போக வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரப் படகில் பலருக்கும் குமட்டும். 27 கிலோமீட்டரில் இருக்கும் கிரீன் தீவு உங்களுக்குப் பொருத்தம். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கரையிலிருந்தே முகமூடி மாட்டி மீன் பார்க்கலாம், மாமியார் கண்ணாடித் தளப் படகில் உட்கார்ந்தே பவளத்தைப் பார்ப்பார். மே மாதம் முடியும்வரை கொட்டும் ஜெல்லி மீன்களின் பருவம் இருப்பதால் தண்ணீரில் இறங்குகிறவர்கள் உடல் மூடும் உடை போட வேண்டும், படகுக்காரர்களிடமே கிடைக்கும். முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த நீர்நிலை பக்கம் காலைக்கூட நனைக்காதீர்கள். குழந்தைகள் நீந்த ஊர் நடுவே கடலோரத்தில் இலவசக் குளம் இருக்கிறது. இன்னொரு நாள் குராண்டாவுக்கு மலை ரயிலில் ஏறி, மழைக்காட்டுக்கு மேலே ஓடும் கேபிள் காரில் இறங்குங்கள்.

தீவுப் பயணத்தை மட்டும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். மே மாதத்தில் தென்கிழக்குக் காற்று வலுக்கத் தொடங்கும், சில நாள் படகு கிளம்பாது. கெய்ன்ஸில் இறங்கிய மறுநாளுக்கே பதிவு செய்தால், அன்று ரத்தானாலும் கையில் இன்னும் இரண்டு நாள் இருக்கும்.