கொல்லைக் கதவு

அன்புள்ள ஐயா,

திருச்சி உறையூரில் தாத்தா 1958-இல் கட்டிய வீடு எங்களுடையது. மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்தரம், 2,200 சதுர அடி. அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. இரண்டு பேருக்கு ரொம்பப் பெரிய வீடு. மழை வந்தால் ஒழுகுகிறது. விற்றுவிட்டு கருமண்டபம் பக்கம் 980 சதுர அடியில் புது ஃபிளாட் வாங்கலாம் என்று பார்க்கிறேன். அப்பா கூடவே கூடாது என்கிறார். அம்மாவுக்கு எதுவானாலும் சரி. மண்ணை விற்று, காற்றில் தொங்கும் பெட்டியை வாங்குகிறோமோ என்று எனக்கும் உறுத்தல். ஊஞ்சல்கூட மாட்ட முடியாது. முற்றத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து இன்னும் குழப்பம். என்ன செய்யலாம்?

கே., பெங்களூரு

அன்புள்ள கே.,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அந்த 980 எந்த அளவு என்று கேளுங்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்துக்குப் பிறகு கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பை, சொல்லித்தான் விற்க வேண்டும். படிக்கட்டும் லிஃப்டும் சேர்ந்த கணக்கென்றால் உள்ளே புழங்க 700 அடி தேறினால் அதிகம். காற்றில் தொங்கும் பெட்டி என்பது தவறு. யூடிஎஸ் என்கிறார்களே, பிரிக்கப்படாத மனைப் பங்கு, அது எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் இருக்கும். கட்டடம் கிழடான பிறகு உங்களுக்கு மிஞ்சுவது அதுதான். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர்தான் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். விற்ற லாபத்துக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கிவிடுங்கள். வாஸ்து பற்றிய இரண்டு பத்திகளை நான் படிக்கவில்லை.

அப்புறம், உங்களுக்கு அத்தைகள் உண்டா? தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கும் சம பங்கு. நீங்கள் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

எழுதாதது அது ஒன்றுதானா? தாத்தா பத்திக்குப் பத்தி வருகிறார். ஊஞ்சலுக்கு அரைப் பக்கம். அம்மாவுக்கு ஒரே வரி: ‘அம்மாவுக்கு எதுவானாலும் சரி.’ அதை அம்மா சொன்னாரா, நீங்களாக எழுதிக்கொண்டீர்களா? மழை வந்தால் ஒழுகுகிறது என்கிறீர்கள். ஒழுகும் இடத்தில் அண்டாவை இழுத்து வைப்பது யார்? பெங்களூரில் இருக்கும் நீங்கள் இல்லை.

மெட்ராஸ் டெரஸ் எனக்கும் தெரியும். கும்பகோணத்தில் எங்கள் வீடும் அதுதான். உத்தரக் கட்டைகளுக்கு மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு இடித்து, மேலே தட்டோடுகளைப் பதிப்பார்கள். வெயிலுக்கு அதைப்போல ஒரு கூரை கிடையாது. ஆனால் தட்டோட்டின் இடுக்கு விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே இறங்கி நாள்கணக்கில் நிற்கும். பிறகு சுண்ணாம்பு உதிர ஆரம்பிக்கும். காலையில் பெருக்கிய கூடம் மத்தியானம் வெள்ளையாகக் கிடக்கும். அம்மா மாவுப் பாத்திரத்தின் மேல் தட்டும், தட்டின் மேல் ஈரத்துணியும் போட்டு வைப்பாள். வாசலிலிருந்து கொல்லைவரை வீட்டின் மூன்று கட்டுகளையும் குனிந்தே பெருக்குவாள். நிமிரும்போது ஒரு கை இடுப்பில் இருக்கும். முற்றத்தில் விழும் வெளிச்சத்தைப் பற்றி நான் எழுதியதைத்தானே படித்தீர்கள்? மழை விட்டதும் அதே முற்றத்தில் அம்மா குந்தி உட்கார்ந்து, தூம்பை அடைத்த இலைகளை விரலால் தோண்டி எடுப்பதை நான் எழுதவில்லை. எத்தனையோ முறை பார்த்தும் எழுதத் தோன்றவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

2009-இல் அந்த வீட்டை விற்றோம். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு வந்த மூன்றாம் நாள், காலை எட்டரை மணிக்கு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். மணமகள் தேவை விளம்பரம்வரை ஒன்று விடாமல். என் வாழ்க்கையில் அம்மாவை அந்த நேரத்தில் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு மாதம் போனது. “இந்த வீட்டுக்குக் கொல்லைக் கதவே இல்லையேடா” என்றாள். பால்கனி இருக்கிறதே என்றேன். அவள் கேட்டது அது இல்லை என்று புரிய எனக்கு நாளானது. பழைய வீட்டில் வாசல் கதவு அப்பாவுடையது, விருந்தாளிகளுடையது. மத்தியானம் மூன்று மணிக்குமேல் கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிடுவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்த வழியாக வருவார்கள், கையில் கறிவேப்பிலையோ காலிக் கிண்ணமோ இருக்கும். தலை வாரியிருக்க வேண்டியதில்லை, புடவையைச் சரிசெய்ய வேண்டியதில்லை. ஃபிளாட்டில் இருப்பது ஒரே கதவு, அதுவும் வாசல் கதவு. உறைமோர் கேட்டு யாரும் காலிங்பெல் அடிப்பதில்லை. சின்ன வீட்டுக்குப் போனதில் அம்மா இழந்தது அந்தக் கதவைத்தான். போன ஆயிரத்துச் சொச்சம் சதுர அடியைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை.

ஆகவே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். புரோக்கர் வேண்டாம். வேலை நாளில், சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். வராந்தாவில் எந்த வீட்டுக் கதவாவது திறந்திருக்கிறதா, கீழே நிழலில் நாலு பெண்கள் உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா, காவிரித் தண்ணீர் வருகிறதா, போர் தண்ணீர் மட்டும்தானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊஞ்சலுக்கு இரும்புச் சட்டம் வைத்ததே கடையில் கிடைக்கிறது.

அப்பா இல்லாத நேரத்தில், அடுக்களையில் வைத்து அம்மாவிடம் கேளுங்கள். ‘எதுவானாலும் சரி’ என்றுதான் முதலில் சொல்வார். எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கீரையை ஆய்ந்து கொடுங்கள், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். அவர் சொல்வதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே எனக்கு எழுதுங்கள்.