அண்ணன் பாதியில் நிறுத்திய பாட்டு

கேள்வி: எங்கள் வீட்டுக்குள் ராக் இசையைக் கொண்டுவந்தவர் என் அண்ணன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' ஒலிக்கும்போது வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவருடைய பிறந்தநாளுக்கு நாங்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, அதே பாட்டை ஓட்டிஸ் ரெடிங் பாடிய பதிவைப் போட்டேன்; அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையைப் பாடியவர் அவர். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, எழுந்து வந்து நிறுத்திவிட்டார். "வரியும் புரியவில்லை, கிட்டாரும் இல்லை. இந்தப் பாட்டை எதற்குத் தொட வேண்டும்?" என்றார். அண்ணியும் சித்தப்பா மகனும் இதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போக, இலை போடும் வரை வாக்குவாதம் ஓயவில்லை. நல்ல பாட்டொன்றை இன்னொருவர் மாற்றிப் பாடுவது அதை அவமதிப்பதா? நான் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பாட்டைப் போட்டதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அதை அவருடைய பிறந்தநாளன்று, பத்துப் பேர் முன்னிலையில் போட்டதற்காக வேண்டுமானால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இளவயதிலிருந்து ஒரு பாட்டோடு வாழ்ந்துவரும் மனிதருக்கு, அதன் வேறொரு வடிவத்தை முன்னறிவிப்பின்றிக் கேட்க நேர்வது, தம் வீட்டுக்குள் நுழைந்ததும் மேசை நாற்காலியெல்லாம் இடம் மாறிக் கிடப்பதைக் காண்பது போன்றது. அவர் நிறுத்தியதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அவர் சொன்ன இரண்டு குறைகளில் ஒன்று தவறு, மற்றொன்று பெருமளவு சரி என்பது என் கருத்து. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் வீட்டு வழக்குத் தீரும்.

முதலில் கிட்டார். 1965 மே மாதம், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் இந்தப் பாட்டைச் சிகாகோவின் செஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு முறை பதிந்து பார்த்து, நிறைவில்லாமல் இரண்டு நாள் கழித்து ஹாலிவுட்டின் ஆர்சிஏ கூடத்தில் மீண்டும் பதிந்தார்கள். அங்கேதான் கீத் ரிச்சர்ட்ஸ், காலால் அழுத்தி இயக்கும் கிப்சன் நிறுவனத்தின் மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற சிறு பெட்டியைத் தம் கிட்டாரோடு இணைத்தார். உங்கள் அண்ணன் உயிரை விடுகிற அந்தக் கரகரத்த தொடக்க ஒலி அந்தப் பெட்டியிலிருந்து பிறந்தது. ஆனால் ரிச்சர்ட்ஸின் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது கிட்டாரே அல்ல. அந்த இடத்தில் ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முழங்க வேண்டும் என்றே அவர் எண்ணியிருந்தார். ஊதுகருவிக் கலைஞர்கள் வந்து வாசிப்பதற்கான கோடு போலத்தான் அந்தக் கிட்டார் ஒலியை இட்டுவைத்தார். அதை அப்படியே வெளியிட அவருக்கு மனமில்லை. மற்றவர்களின் கருத்தே வென்றது. ஜூன் மாதம் அமெரிக்காவில் இசைத்தட்டு வெளியாகி, ஜூலையில் தொடங்கி நான்கு வாரம் தரவரிசையின் உச்சியில் நின்ற பிறகு, யாருக்குத்தான் அதைக் கோடு என்று சொல்லத் தோன்றும்?

தாளத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஸ்டோன்ஸின் முரசுக் கலைஞர் சார்லி வாட்ஸ் ஒவ்வொரு தாளத் தட்டிலும் ஸ்னேர் முரசை ஒரே சீராக அடித்துக்கொண்டு போகிறார். அது அக்காலத்துச் சோல் பதிவுகளில், குறிப்பாக டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளில், நன்கு பழகிய தாளக்கட்டு. ஆக, ரெடிங் இந்தப் பாட்டை வேற்றூருக்குக் கடத்திச் சென்றார் என்று சொல்வதைவிட, பாட்டின் ஒரு பாதி முன்பே குடியிருந்த தெருவுக்கு மறு பாதியையும் அழைத்து வந்தார் என்பதே பொருந்தும்.

அவர் அழைத்து வந்த வேகம் இருக்கிறதே, அதுவும் இந்த வாக்குவாதத்துக்கு ஒரு காரணம். மெம்ஃபிஸ் நகரத்தில் பழைய திரையரங்கு ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்த ஸ்டாக்ஸ் நிறுவனத்தில், 1965 ஜூலை 9, 10 ஆகிய தேதிகளில், அதாவது ஸ்டோன்ஸின் இசைத்தட்டு முதலிடத்தை எட்டிய அதே நாட்களில், தம் 'ஓட்டிஸ் புளூ' தொகுப்பின் பெரும்பகுதியை ரெடிங் ஒரு பகலும் ஓர் இரவுமாகப் பாடி முடித்தார். இடையில் வாத்தியக் கலைஞர்கள் தங்கள் வழக்கமான இரவு விடுதிக் கச்சேரிகளுக்குப் போய் வாசித்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார்கள். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பர்தான் இந்தப் பாட்டைப் பாடலாம் என்று கொண்டுவந்தவர். ரெடிங்குக்கு அப்போது வயது 23. பாட்டை ஊறப்போட்டு, வரிகளை நெட்டுருச் செய்து, மூலத்தின் முன் கைகட்டி நிற்பதற்கெல்லாம் அங்கே நேரமில்லை. வெய்ன் ஜாக்சனின் ட்ரம்பெட்டும் ஆண்ட்ரூ லவ்வின் சாக்ஸஃபோனும் சேர்ந்து ரிச்சர்ட்ஸ் போட்ட கோட்டின் மேல் நேராக நடந்தன. இப்படித்தான் முதலில் நினைத்தேன் என்று ரிச்சர்ட்ஸே பிற்காலத்தில் சொன்னபோது, கிட்டாரைப் பற்றிய வழக்கு அங்கேயே தள்ளுபடியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வரிகளைப் பற்றிய வழக்கு அவ்வளவு எளிதல்ல. அங்கே நான் உங்கள் அண்ணன் பக்கம்.

மிக் ஜாகர் எழுதிய வரிகளைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, இது ஆசை நிறைவேறாத இளைஞனின் புலம்பல் என்று பலர் நினைக்கிறார்கள். புலம்பல் இருக்கிறது, ஆனால் அதன் கூர்மை வேறிடத்தில் இருக்கிறது. வானொலியில் ஒருவன் பயனில்லாத செய்திகளை ஓயாமல் சொல்கிறான், தொலைக்காட்சியில் ஒருவன் வந்து சட்டை எவ்வளவு வெளுக்கும் என்று விளக்குகிறான், தான் பிடிக்கும் சிகரெட்டையே அவன் பிடிக்கவில்லை என்பதால் அவனை ஆண்பிள்ளையாக மதிக்க முடியவில்லை என்கிறான் பாடுபவன். எல்லாவற்றையும் விற்க வந்தவர்கள் நடுவே எதையும் வாங்க மனமில்லாத 21 வயதுக்காரனின் சலிப்பு அது. நம் இலக்கணம் எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றாகச் சொல்லும் இளிவரல் இங்கே நகையோடு கலந்து வருகிறது. ஜாகர் அதை ஏறக்குறைய முணுமுணுப்பாகத் தொடங்கி, படிப்படியாகக் குரலை உயர்த்துகிறார். அலட்சியமாகப் பாடுவது போலத் தோன்றும் அந்தப் பாணியில் மிகுந்த கணக்கு இருக்கிறது.

ரெடிங் இந்த வரிகளைத் தளர்த்திவிடுகிறார். தாம் பாடிய சொற்கள் பல மூலத்தில் இல்லாதவை என்றும், அவற்றைத் தாமே இட்டுக்கட்டியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். தலைப்புச் சொல்லைக்கூட அவர் உச்சரிக்கும் விதத்தில் கடைசி எழுத்துகள் நழுவி வேறொரு சொல்லின் சாயல் வந்துவிடுகிறது. விளம்பரக்காரர்களைப் பற்றிய கேலி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை; ஒரு சொல், அதன் பின்னால் ஒரு தாகம், அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். கடைசிப் பகுதியில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, உடைத்து, திரும்பத் திரும்ப முட்டி மோதி, ஊதுகருவிகளைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். நம் கச்சேரிகளில் ஒரு வரியை எடுத்து நிரவல் செய்வதை இதற்கு ஒப்பிடத் தோன்றும். ஆனால் நிரவலில் சாகித்தியத்தின் சொற்கள் தாளத்தில் அதனதன் இடத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்காமல் நிற்க, அவற்றின் மேல் இசைதான் விரியும், இவரோ சொல்லையே பொடித்துத் தாளமாக்கிவிடுகிறார். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிறைவே கிடைக்கவில்லை என்று பாடுகிற மனிதரின் குரலில் நிறைவு வழிகிறது. உங்கள் அண்ணியும் சித்தப்பா மகனும் அந்தக் களிப்பைத்தான் கேட்டிருக்கிறார்கள். உங்கள் அண்ணனோ காணாமற்போன சலிப்பைத் தேடியிருக்கிறார். இருவரும் ஒரே பாட்டைப் பற்றித்தான் சண்டையிட்டார்கள் என்று சொல்வதே எனக்குக் கடினமாக இருக்கிறது.

இனி, "தொட வேண்டுமா" என்ற கேள்வி. சட்டப்படி இதற்குப் பெரிய தடையே கிடையாது. ஒரு பாட்டு ஒரு முறை இசைத்தட்டாக வெளிவந்துவிட்டால், பிறகு யாரும் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்திவிட்டுத் தாமும் பாடிப் பதியலாம் என்று 1909-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் வகுத்திருந்தது. அன்றைய கட்டணம் ஒரு பிரதிக்கு 2 சென்ட். ஆகவே ரெடிங்கின் தட்டு விற்ற போதெல்லாம் பாட்டை எழுதியவர்களின் உரிமைக் கணக்கிலும் காசு சேர்ந்தது. அவமதிப்புக்குப் பணம் கட்டுகிற வழக்கம் எங்கும் இல்லை.

சட்டத்தைவிடப் பழையது கொடுக்கல் வாங்கல். ரோலிங் ஸ்டோன்ஸ் தொடக்கத்தில் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களைப் பாடிப் பெயர் பெற்ற குழு. ரெடிங் 1963-இல் பாடிய 'பெய்ன் இன் மை ஹார்ட்' என்ற பாட்டை அவர்கள் 1965 தொடக்கத்திலேயே தங்கள் தொகுப்பொன்றில் பாடிவிட்டார்கள்; அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பில் ரெடிங் பாடிய வேறொரு பாட்டும் இடம்பெற்றது. 'பெய்ன் இன் மை ஹார்ட்' பாட்டாவது முழுக்க ரெடிங்குடையதா என்றால் அதுவும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் பாடகி இர்மா தாமஸுக்காக ஆலன் டூசான் எழுதிய பாட்டொன்றிலிருந்து அது முளைத்தது. இந்தக் கடன் புத்தகத்தில் முதல் பக்கத்தைத் தேடுவது வீண் வேலை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் காலத்து அமெரிக்காவில் இந்தக் கொடுக்கல் வாங்கல் சமமாக நடக்கவில்லை. கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி' பொதுத் தரவரிசையில் 17-ஆம் இடம் வரை போனபோது, அதையே பாட் பூன் என்ற வெள்ளையினப் பாடகர் மெருகு குலைத்துப் பாடி 1956-இல் 12-ஆம் இடத்தைப் பிடித்தார். அந்தப் பின்னணியில், வெள்ளையினக் குழு ஒன்றின் புத்தம்புதிய வெற்றிப் பாட்டை ஒரு கறுப்பினப் பாடகர் எடுத்துத் தம் பாணிக்கு வளைத்தது வேறு விதமாக ஒலித்திருக்க வேண்டும். 1966-இல் அது தனித் தட்டாக வந்தபோது பொதுத் தரவரிசையில் 31-ஆம் இடத்தையும், கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையில் 4-ஆம் இடத்தையும் எட்டியது. உங்கள் கூடத்தில் நடந்த வாக்கெடுப்பு அன்றே ஒரு முறை நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரெடிங்கின் பாட்டு வெளிவந்தபின், அதுதான் மூலம் என்றும், ஸ்டோன்ஸ் அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள் என்றும்கூட ஒரு வதந்தி உலவியது. சிரிக்காதீர்கள். எனக்கு இந்தப் பாட்டு முதலில் கிடைத்தது பெயர் எழுதாத ஒலிநாடா ஒன்றில், ரெடிங்கின் குரலில். ஸ்டோன்ஸின் பதிவைப் பல மாதம் கழித்துக் கேட்டபோது, யாரோ வெள்ளைக்காரப் பையன்கள் ஊதுகருவிக்குப் பணமில்லாமல் கிட்டாரை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். எது முதலில் காதில் விழுகிறதோ அது மூலமாகிவிடுகிறது. உங்கள் அண்ணனுக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எனக்குக் கிடைத்த ஒலிநாடா வேறு, அவ்வளவுதான்.

மாற்றிப் பாடப்படுவதன் மறுபக்கத்தையும் ரெடிங் பார்த்தார். அதே 'ஓட்டிஸ் புளூ' தொகுப்பில் அவர் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' இருக்கிறது. 1967-இல் அரீத்தா ஃபிராங்க்ளின் என்ற சோல் பாடகி அதை எடுத்துப் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அந்த ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழா மேடையில், ஒரு பெண் இந்தப் பாட்டைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் ரெடிங் அதைப் பாடினார். இன்று 'ரெஸ்பெக்ட்' என்றாலே அரீத்தாவின் குரல்தான் பலருக்கும் கேட்கிறது. பாட்டைத் தொடவே கூடாது என்ற விதி அங்கே நிற்காது. ஆனால் அரீத்தா செய்ததற்கும் ரெடிங் செய்ததற்கும் நான் ஒரு வேறுபாடு காண்கிறேன். வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் கேட்கும் மதிப்பை, அரீத்தா ஒரு பெண்ணின் வாயில் வைத்து, தலைப்புச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொல்லி, வரிகளுக்கு முன்பு இல்லாத பொருளை ஏற்றினார். ரெடிங் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டின் வரிகளிலிருந்து பொருளை இறக்கி வைத்துவிட்டு ஓடினார். இசையாக அது எனக்கு மிகப் பிடிக்கும். பாட்டின் வாசிப்பாக அதை அரீத்தாவின் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

மான்டரே மேடையில் அன்றிரவு ரெடிங் பாடிய ஐந்து பாடல்களில் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டும் ஒன்று. அந்த விழாவுக்கு ஸ்டோன்ஸின் பிரையன் ஜோன்ஸும் வந்திருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று, விஸ்கான்சின் மாநிலத்து மோனோனா ஏரியில் விமானம் விழுந்து, 26 வயதில் ரெடிங் இறந்தார்.

அண்ணனிடம் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். அடுத்த முறை இந்தப் பாட்டைப் போடாதீர்கள். கூட்டமில்லாத ஒரு மாலையில், முதலில் ஸ்டோன்ஸ் பாடிய 'பெய்ன் இன் மை ஹார்ட்' பாட்டைப் போடுங்கள். தம் ஆட்கள் என்பதால் முழுதும் கேட்பார். பிறகு ரெடிங் பாடியதைப் போட்டுவிட்டு, யாருடையது முந்தையது என்று சொல்லாமல் காபி கொண்டுவரப் போய்விடுங்கள். அவராக ஏதாவது கேட்டால் மட்டும், மான்டரே மேடைப் பதிவை எடுத்துக் கொடுங்கள். அதை எப்போது போடுவது, எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். சித்தப்பா மகனை அன்றைக்கு அழைக்க வேண்டாம்.