ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். ஏற்காட்டில் வங்கி வேலை. எங்கள் கிளைக்கு வரும் பெரியவர் ஒருவருடன் நல்ல பழக்கம். பாக்சைட் லாரி ஓட்டியவர். பிரேக் பிடிக்காத லாரியை இருபது கொண்டை ஊசி வளைவிலும் இறக்கினேன் என்பார். சிறுத்தையைத் தார்ப்பாய் போட்டு அமுக்கினேன் என்பார். எம்.ஜி.ஆர். தன் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்பார். யுத்த சமயத்தில் நாலு வயதுப் பையனாக ரங்கூனிலிருந்து அம்மாவோடு நடந்தே வந்ததாகவும் சொல்கிறார். பர்மாத் தமிழர்கள் 1964-க்குப் பிறகு கப்பலில் வந்ததாகத்தான் நான் படித்திருக்கிறேன். அவர் ஆதாரில் பிறந்த தேதி 01-01-1946. போன வாரம் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் இதைக் கேட்டேன். எழுந்து போய்விட்டார். இப்படிப்பட்டவர்களை எப்படி எடுத்துக்கொள்வது? என் மகளை அவரிடம் கதை கேட்க அழைத்துப்போக நினைத்திருந்தேன். போகலாமா?

ச., சேலம்

அன்புள்ள ச.,

நீளமான கடிதம், சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். கொஞ்ச நாளாகவே எங்கள் தெருக்காரர் ஒருவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அவரிடம் பிறகு வருகிறேன்.

சிறுத்தை, லாரி, எம்.ஜி.ஆர். மூன்றையும் தள்ளி வையுங்கள். டீக்கடை பெஞ்சில் சொல்லும் கதையில் உப்பு காரம் ஏறத்தான் செய்யும். அதற்காக அந்த மனிதர் ரங்கூனிலிருந்து நடந்ததும் பொய்யாகிவிடாது.

எனக்குக் கோபம் வந்தது அந்த 01-01-1946 என்ற இடத்தில்தான். வங்கியில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இது தெரியாமல் போகலாமா? பிறந்த தேதி தெரியாது, வயதுதான் தெரியும் என்பவருக்கு ஆதாரில் அந்த வருஷத்து ஜனவரி ஒன்றைப் போட்டுவிடுவார்கள். உங்கள் கிளையிலேயே ஜனவரி ஒன்றில் பிறந்த முதியவர்கள் எத்தனை பேர் என்று எடுத்துப் பாருங்கள். ‘இவருக்குத் தேதி தெரியாது’ என்றுதான் அந்தத் தேதி சொல்கிறது. வருஷமாவது சரியா என்றால், அதுவும் யாரோ முகத்தைப் பார்த்துப் போட்டதாக இருக்கலாம். ஒரு கார்டில் ஏறிய வயது அடுத்த கார்டுக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. நாலாவது கார்டில் அது சான்றாகிவிடுகிறது.

பள்ளிக்கூடம் போனவர்களுக்கும் இதே கதிதான். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் ஐந்து வயது. ஜூனில் பள்ளி திறக்கும் என்று அதற்கு முன்னால் ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொள்வார். என் அம்மாவின் சான்றிதழில் மே மாதம் இருக்கிறது. பாட்டி சொன்னது ஐப்பசி அடைமழை. பெற்றவள் பாட்டி, தலைமையாசிரியர் இல்லை.

நம் ஜில்லாவில் பழைய ஆட்கள் தாது வருஷப் பஞ்சத்தை வைத்து வயது சொன்னார்கள். அப்புறம் வந்தவர்கள் மேட்டூர் அணை கட்டியதை வைத்துச் சொன்னார்கள். பக்கத்தில் 1876, 1934 என்று எண் போட்டுக்கொண்டது நாம். அப்படி வயது எண்ணிய ஒருவரை, யாரோ குத்துமதிப்பாகப் போட்ட எண்ணை வைத்து மடக்குகிறீர்கள். அதுவும் கணக்கு வேலைக்காக நம்பி உங்களிடம் நீட்டிய அட்டையில் பார்த்ததை டீக்கடையில் எடுத்து வீசியிருக்கிறீர்கள். அவர் எழுந்து போகாமல் என்ன செய்வார்?

சரி, நடைக்கு வருவோம். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன்மேல் ஜப்பான் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் ஊரே கைமாறிவிட்டது. கப்பலில் எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலையைத் தாண்டிச் சிட்டகாங் போனவர்கள் உண்டு. சின்ட்வின் ஆற்றைக் கடந்து மணிப்பூருக்குள் வந்தவர்கள் உண்டு. அதற்கும் வடக்கே காட்டு வழியாக அஸ்ஸாம் போனவர்களும் உண்டு. ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்கள் வெளியேறியதாகக் கணக்கு. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே பல்லாயிரம் பேர் செத்தார்கள். நீங்கள் படித்த 1964, பர்மாவின் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்கிய பிறகு நடந்த வேறு வெளியேற்றம். கொஞ்சம் கூடப் படித்திருந்தால் இரண்டையும் குழப்பியிருக்க மாட்டீர்கள்.

நான் சுருக்கியதில் விட்ட இரண்டு வரிகள் உண்டு. ஒன்று: ‘தம்மு என்ற ஊரில் கிடந்தோம் என்கிறார், மேப்பில் தேடினேன், அப்படி ஊரே இல்லை.’ தமு என்று போட்டுத் தேடுங்கள். எல்லையில் பர்மாப் பக்கம் தமு, இந்தியப் பக்கம் மோரே. மணிப்பூர் வழியாக வந்தவர்கள் தாண்டிய இடம் அது. 1964-க்குப் பிறகு இங்கே பிழைக்க முடியாமல் நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் போய், எல்லையில் தடுக்கப்பட்ட தமிழர்கள் மோரேயிலேயே தங்கி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். சேர்வராயன் மலையை விட்டு அதிகம் நகராதவர் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அவர் வாயில் தமு எப்படி வந்தது?

நாலு வயதில் ஊர்ப் பெயர் நினைவிருக்குமா என்று கேட்பீர்கள். இருக்காது. அம்மா சொல்லியிருப்பாள். எஸ்டேட் லைன் வீட்டில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மழைக்கு மழை சொல்லியிருப்பாள். தான் கண்டது எது, அம்மா வாயால் கேட்டது எது என்று இன்று அவராலேயே பிரிக்க முடியாது. அதை யாரும் பொய் என்று சொல்லக் கூடாது.

இன்னொரு வரி: ‘சிறுத்தைக் கதையை அரை மணி நேரம் நடித்துக் காட்டுகிறவர், பர்மாக் கதையை நாலே வார்த்தையில் முடிக்கிறார், அதனால்தான் சந்தேகம்.’ இதைப் படித்ததும்தான் நான் அவரை நம்பினேன். கேட்பவர் கை தட்ட வேண்டும் என்று சொல்லும் கதை எது, சொல்ல முடியாமல் வைத்திருப்பது எது என்று உங்களுக்குத் தெரியவில்லையா?

எங்கள் தெருக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். நான் வளர்ந்தது சேலத்தில் குகை என்ற பகுதியில். அவர் தறிக்காரர். சின்ன வயதில் சினிமாக் கம்பெனியில் யானைக்கு முடி கட்டினேன் என்பார். யானைக்கு எதற்குய்யா முடி என்று தெருவே சிரிக்கும். பையன்கள் ரீல் தாத்தா என்று கூப்பிட்டார்கள். யார் நடித்தது, என்ன கதை என்றால் தெரியாது என்பார். வேலையைக் கேட்டால் மட்டும் தறிக்குழியிலிருந்து ஏறி வருவார். குனிந்து, இல்லாத வயிற்றுக்கு அடியில் இடது கையை நீட்டி அந்தப் பக்கக் கயிற்றை வாங்குவார். “பேசிக்கிட்டே இருக்கோணும், பேச்சு நின்னா அது காலை மாத்தும்” என்பார். வலது கை யானையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

சேலத்து சினிமாக் கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ 1952-இல் வெளிவந்தது. பனி யுகத்தில் வாழ்ந்து பிறகு அழிந்துபோன, உடம்பெல்லாம் சடை முடி கொண்ட மாமத் யானைகள் அதில் வரும். நம்மூர் யானைகளுக்கே சடை போர்த்தி எடுத்தார்கள். தறிக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து எங்கள் தெருப் பையன் ஒருவன் போனில் அந்தப் படம் கிடைத்தது. அவர் அதில் வேலை பார்த்தார் என்பதற்குச் சீட்டு எதுவும் கிடையாது. தினக்கூலிக்கு யார் சீட்டுக் கொடுத்தார்கள்? மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-இல் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது. இதையும் ஒரு தறிக்காரர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்தக் கம்பெனியின் நுழைவாயில் வளைவைக் கடந்துதான் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள். பெரிய மனிதர் சுயசரிதை எழுதினால் அச்சில் வந்துவிட்டது என்று நம்புகிறோம். லாரி ஓட்டியவரிடம் மட்டும் பிறந்த தேதி கேட்கிறோம்.

மகளை அழைத்துப் போங்கள். அதற்கு முன் ஒரு நாள் தனியாகப் போய் வாருங்கள். டீக்கடைக்கு வேண்டாம், அவர் வீட்டுக்குப் போங்கள். வருஷம் கேட்காதீர்கள். அவர் அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். என்ன தூக்கி வந்தாள், வழியில் என்ன சமைத்தாள், மலைக்கு யார் கூட்டி வந்தார்கள், எந்த எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தாள். ஊர்ப் பெயர்களை அவர் வாயில் வருகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். அன்று அவர் பேசாவிட்டால் பரவாயில்லை, இன்னொரு நாள் போங்கள்.

அன்புடன்