அடுப்படிக் கேள்விகள்: பாலைப்பழத்தில் ஒரு பை

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலைச் சந்தைக்குப் பாலைப்பழம் வரும். பாலைப்பழம் வந்தால் எனக்குக் கடிதம் வரும். முப்பத்தொரு வருடம் மனையியல் படிப்பித்தவளுக்கு ஓய்வூதியத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த வேலை இது. இம்முறை வந்த ஐந்து கடிதங்களில் நான்கு காட்டுப்பழத்தையும், பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடும் பையையும் பற்றியவை. ஐந்தாமவர் கேக் ஐசிங் பற்றிக் கேட்டிருக்கிறார். அவர் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ரீச்சர், கனடாவிலிருந்து பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். வயது பதினான்கு. அங்கே கோடையில் காட்டோரம் போய்ப் புளூபெரி பறித்துவந்து பை செய்வார்களாம். "இங்கே காட்டில் ஒன்றும் இல்லையா அம்மம்மா?" என்று கேட்கிறாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. பாலைப்பழத்தில் பை செய்யலாமா? (வாசகி, உவர்மலை)

பதில்: செய்யலாம். நான் செய்திருக்கிறேன். முதல் தடவை கெடுத்தும் இருக்கிறேன்.

"இன்றைக்குப் பை செய்யப்போகிறேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "சந்தைக்குக் கொண்டுபோகவா?" என்று கேட்டார். அந்தச் சகுனத்தை அப்போதே கவனித்திருக்க வேண்டும். புளூபெரிக்குச் சொல்லியிருந்த அளவை அப்படியே எடுத்து, பாலைப்பழத்தை விதை நீக்கி, சீனி கலந்து, மாவுக்குள் கொட்டி அவணில் வைத்தேன். வெந்து வந்தபோது பார்க்க அவ்வளவு அழகு. வெட்டப் போனால், கத்தி போன இடத்திலேயே நின்றுவிட்டது. துண்டை இழுத்து எடுத்தால் தட்டுவரை நூல் நூலாக நீள்கிறது. சாப்பிட்டவர்களுக்கு மேல் உதடும் கீழ் உதடும் ஒட்டிக்கொண்டன. அன்று மாலை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. நிம்மதியான மாலைதான், பொய் சொல்லக்கூடாது.

காரணம் மரத்தின் பெயரிலேயே இருக்கிறது. பாலையும் சப்போட்டாவும் ஒரே குடும்பத்து மரங்கள். அந்தக் காலத்தில் சூயிங் கம் செய்தது சப்போட்டா மரத்துப் பாலில்தான். நான் அன்று அவணில் வைத்தது பை வேடம் போட்ட சூயிங் கம். புளூபெரி சிறு செடியின் பழம். பால் கிடையாது, விதை நாக்குக்கே தெரியாது, உள்ளே சாறும் புளிப்பும் உண்டு. பாலைப்பழத்தில் அவற்றில் ஒன்றும் இல்லை. இனிப்பும் பிசினும் மட்டுமே உண்டு. ஆகவே அதை அதன் போக்கில்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

நன்றாக மஞ்சளாகி, அழுத்தினால் அமுங்குகிற பழமாகப் பாருங்கள். வாங்கிய அன்றே தொடாதீர்கள். இரவு முழுக்கச் சுளகில் பரப்பி வையுங்கள். பழுக்கப் பழுக்கப் பால் குறையும். காலையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள். பிறகு கை இரண்டிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, பழத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து மெல்ல நசுக்கினால், விதை 'சளக்' என்று வழுக்கி வெளியே வரும். திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்களின் கண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மினுக்கம், அந்தக் கருமை. பேத்திக்கு முதல் இருபது பழம்வரை இது விளையாட்டாக இருக்கும். அதற்குப் பிறகு கைத்தொலைபேசியைத் தேடுவாள். ஆகவே ஒரு கிலோவுக்கு நான்கு கைகளாவது வேண்டும்.

சதையைத் தாச்சியில் போட்டு, மூடாமல், மெல்லிய நெருப்பில் மர அகப்பையால் துழாவுங்கள். சூடேற ஏற வெண்மையான பிசின் அகப்பையின் விளிம்பிலும் தாச்சியின் ஓரத்திலும் வந்து சேரும். எண்ணெய் தொட்ட கடதாசியால் அதைத் துடைத்து எறிந்துகொண்டே இருக்க வேண்டும். என் முதல் பையில் விட்டுப்போன வேலை இதுதான். வன்னியில் இந்தப் பழத்தைக் காய்ச்சிப் பாணி எடுப்பார்கள். அவர்கள் போகும் தூரத்தில் பாதி போனால் நமக்குப் போதும்: அகப்பையால் அடியைக் கீறினால் கோடு ஒரு கணம் நின்று மறைய வேண்டும்.

இனிப் புளிப்பு. இனிப்பு மட்டும் உள்ள பை இரண்டாம் வாயிலேயே திகட்டிவிடும். அதற்குப் பற்றைக்குள் கிளா இருக்கிறது. வெள்ளைப் பூ, கையைக் கிழிக்கும் முள், கனிந்தால் கத்தரிக்காய் நிறத்திலிருந்து கறுப்புக்குப் போகும் சிறிய பழம். அதன் புளிப்போடு, கூழை இறுக வைக்கும் தன்மையும் அதற்கு உண்டு. (இந்தியப் பேக்கரிகளில் கேக்கின் மேல் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் 'செரி' பல நேரம் இதன் உறவுக்காரரான களாக்காய்தான்; பாகில் ஊறிச் சாயம் பூசிக்கொண்டு வந்திருக்கும்.) பாலையும் கிளாவும் ஒரே கிழமையில் கைக்கு வருவது அதிர்ஷ்டம். முதலில் கிடைத்ததைச் சீனியோடு காய்ச்சிப் போத்தலில் அடைத்து வையுங்கள். கிளா அகப்படவே இல்லையென்றால் இரண்டு தேசிக்காயின் புளி.

நான் போடும் அளவு: காய்ச்சிய பாலைச் சதை 400 கிராம், விதை நீக்கிய கிளா 150 கிராம், சீனி 60 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, குளிர்ந்த தண்ணீரில் கரைத்த சோளமா இரண்டு மேசைக்கரண்டி, ஒரே ஒரு ஏலக்காய். கறுவா வேண்டாம். அமெரிக்கர்கள் எதற்கும் கறுவா போடுவார்கள். பாலைப்பழத்தின் மணம் அதற்கு முன்னால் வாய் திறக்காது. எல்லாவற்றையும் ஒரு கொதி விட்டு, முற்றாக ஆறிய பிறகே மாவுக்குள் நிரப்புங்கள். மாவின் அளவையும் அவணின் சூட்டையும் கீழே நாவற்பழப் பதிலில் சொல்கிறேன்.

பறிக்கப் போக வேண்டும் என்று பேத்தி பிடிவாதம் பிடித்தால், கன்னியா தாண்டிப் பன்குளம் பக்கத்து ஆள் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட்டு வாருங்கள். யானையோடு போட்டி போட முடியாது. கரடிக்கோ பாலைப்பழம் என்றால் உயிர். இன்னொன்று: கொப்போடு முறித்துக் கட்டிக்கொண்டு வந்து தெருவோரம் விற்பவரிடம் வாங்காதீர்கள். தண்டவாளத்துக்குச் சிலீப்பர் கட்டை போட்ட வைரமான மரம் அது. ஒரு கொப்பு வளர எத்தனை மழை வேண்டும் என்று முறிப்பவருக்குத் தெரியாதா?

கேள்வி: என் மகன்கள் இருவரும் பற்றைகளில் எந்தப் பழத்தைக் கண்டாலும் வாயில் போடுகிறார்கள். குருவி சாப்பிட்டால் நாமும் சாப்பிடலாம் என்று பெரியவன் சொல்கிறான். சரியா? (வாசகர், நிலாவெளி)

பதில்: தவறு. நமக்கு நஞ்சாவது பல குருவிகளை ஒன்றும் செய்யாது. குன்றிமணி பார்க்க அழகு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சள் அலரிக் காயும் அப்படியே. உண்ணிச்செடியின் பச்சைக் காயும் ஆகாது. பெரியவர் ஒருவர் பெயர் சொல்லிக் காட்டிய பழம் மட்டும் வாய்க்குப் போகலாம் என்று சட்டம் போடுங்கள். எதையாவது விழுங்கிவிட்டால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல், மிச்சக் காயையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: நாவற்பழத்தில் பை செய்தேன். மாவு உருட்டும்போதே பொடிந்து உதிர்ந்தது. பழமோ நாக்கை இழுத்துப் பிடித்தது. எங்கே பிழை? (வாசகி, சாம்பல்தீவு)

பதில்: தங்கச்சி, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மா அவித்த மாவா? பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்து அரித்துப் போத்தலில் வைத்திருக்கும் கோதுமை மாவைத்தான் எடுத்திருப்பீர்கள். என் வகுப்பில் வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது இதைச் செய்யும். அவித்தால் மாவின் பிடிப்புச் செத்துவிடும். அதனால்தான் பிட்டு உதிரியாக வருகிறது. பைக்கு அந்தப் பிடிப்புக் கொஞ்சமாவது வேண்டும். பச்சைக் கோதுமை மா 250 கிராம், பட்டர் 125 கிராம், உப்பு, நான்கைந்து மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். நம் ஊர்ப் பகல் வெயிலில் பட்டர் கை பட்டதும் உருகி எண்ணெயாகிவிடும். ஆகவே விடிகாலையில், மாவையும் சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து, விரல் நுனியால் மட்டும் பிசறுங்கள். உள்ளங்கை படக்கூடாது. உருட்டக் கட்டை தேவையில்லை, குளிர்ந்த சோடாப் போத்தல் அதைவிட நல்லது. அவணில் முதல் 15 நிமிடம் 200 பாகை, பிறகு 180 பாகையில் அரை மணி நேரம்.

நாவலின் துவர்ப்பு வெந்தாலும் போகாது. பாலைச் சதையோடு பாதிக்குப் பாதி கலந்தால் தாங்கலாம், நிறமும் கிடைக்கும். ஆனால் ஔவையிடம் கேட்ட கேள்வியை என்னிடம் கேட்டால், நாவலுக்குச் சுடாத பழம்தான் என் விடை. உப்புத் தொட்டு, மரத்தடியில் நின்று, நாக்கு நீலமாகும்வரை.

கேள்வி: எங்கள் வீட்டில் அவண் இல்லை. பை செய்ய வேறு வழி உண்டா? (வாசகி, மூதூர்)

பதில்: அவண் வருவதற்கு முன்பு நம் அம்மாக்கள் கிறிஸ்மஸ் கேக்கைச் சிரட்டைத் தணலில்தானே சுட்டார்கள்? அதே முறைதான், நெருப்பின் கணக்கு மட்டும் தலைகீழ். கேக்குக்குக் கீழே குறைவாகவும் மேலே கூடவும் தணல் வைப்போம். பைக்கு அடி வேகாவிட்டால் ஈரக் களி. ஆகவே கனமான சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் போட்டுக் கால் மணி நேரம் நன்றாகச் சூடாக்கி, பைத் தட்டை மணலின் மேலேயே நேராக வையுங்கள். முதல் அரை மணி நேரம் கீழ் நெருப்பு ஓங்கி இருக்கட்டும். பிறகு அதைத் தணித்து, தட்டையான மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்புங்கள். இன்னும் இருபது நிமிடம். இடையில் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். பட்டர் மணம் வேலி தாண்டிப் போய், "அக்கா, என்ன சுடுகிறீர்கள்?" என்று பக்கத்து வளவிலிருந்து குரல் வரும். அப்போது இறக்கினால் சரியாக இருக்கும்.